கத்தி நாளில் பிறக்காதவர்

ஃபெர்மீன் இட்செப் பேசுவதை ஊரில் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அவர் பிறந்த நாள் பன்னிரண்டு திஹாஷ். ஊரின் பழைய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் உண்டு. திஹாஷ் என்றால் கத்தி நாள். அதில் பிறந்தவர்களின் நாக்கு அறுக்கும். எண் ஒன்று இரண்டு என்றால் கீறலோடு போகும். பன்னிரண்டு என்றால் எலும்பு வரைக்கும் இறங்கும். தோதோனிகபான் மலைப்பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்கு ரொட்டி அடுப்பு. அவரும் மனைவி நிக்கோலாசாவும் சோம்பு போட்ட ஷேக்கா ரொட்டி சுட்டு, சந்தையில் கடை போடுவார்கள். “ரொட்டி சின்னதா இருக்கே, தோன் ஃபெர்மீன்” என்று யாராவது சொன்னால், “ரொட்டி சரியாத்தான் இருக்கு தாயி, உங்க வாய்தான் பெரிசு” என்பார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு நாலு ரொட்டி வாங்கிப் போவாள். பள்ளிக்கூடத்தில் புதுக் கழிப்பறை திறந்தபோது தலைமையாசிரியர் முக்கால் மணி நேரம் பேசினார். “உள்ள போய்ப் பேசியிருந்தா கதவையாவது சாத்தியிருக்கலாம்” என்று ஃபெர்மீன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தலைமையாசிரியரும் சிரித்தார். கத்தி நாள்காரரிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது?

இருபத்தாறு வயது வரை அவருக்கு நாளே கிடையாது. அப்பா கோயில் உபதேசியார். நாள் எண்ணுவது பாவம் என்று பாதிரியார் சொன்னதைக் கேட்டு, அந்த வழக்கத்தை வீட்டை விட்டே விரட்டியவர். அந்தக் காலத்தில் ஃபெர்மீன் யாரையாவது கடித்துப் பேசிவிட்டால், மறுநாள் ஒரு கூடை ரொட்டியோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். நிக்கோலாசாவைப் பெண் கேட்டபோது அவளுடைய அப்பா, நாள் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்றார். ஃபெர்மீனின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நாள் எண்ணுபவரிடம் போனார். அட்டையில் 1961 மே 21 என்று இருந்தது. பன்னிரண்டு திஹாஷ். மாமனார் திரும்பி வந்து அட்டையை மேசை மேல் ஓரமாக வைத்தார்.

“வேண்டாம்மா” என்றார் மகளிடம்.

“தெரிஞ்ச கத்திதானேப்பா. கைப்பிடி பக்கமா பிடிச்சுக்குறேன்” என்றாள் நிக்கோலாசா.

ஃபெர்மீனுக்கு வெகு நாள் நோய்க்குப் பெயர் கிடைத்தது போல இருந்தது. கூடை ரொட்டியை அன்றோடு நிறுத்தினார்.

இது நடந்து முப்பத்தொரு வருடம் கழித்து, அண்ணன் மகன் அபெலினோ தன் கல்யாணத்துக்கு இருவரையும் ஞானப்பெற்றோராக நிற்கச் சொன்னான். அதற்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். கோயில் அலுவலகத்தில் இர்மா என்ற பெண் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். புரட்டிவிட்டு அவருடைய அட்டையைப் பார்த்தாள். மறுபடி பதிவேட்டைப் பார்த்தாள்.

“தோன் ஃபெர்மீன், நீங்க பிறக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கிட்டீங்க.”

“எங்கப்பா பக்தியான ஆளு.”

“விளையாடாதீங்க. மே ஏழாம் தேதி தண்ணி ஊத்தியிருக்காங்க. ஏப்ரல் முப்பது பிறந்ததா எழுதியிருக்கு.”

விஷயம் ஒன்றும் மர்மமில்லை. உபதேசியார் பிள்ளையை முதலில் கோயிலுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அரசாங்கப் பதிவுக்கு இன்னொரு சந்தை நாளில்தான் நேரம் கிடைத்திருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் போடுவார்கள் என்பதால், எப்போது பிறந்தது என்று கேட்டவுடன் “இன்னைக்கு” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் அப்படி எழுத்தரின் மேசையில்தான் பிறந்தார்கள். ஆனால் மற்ற வீடுகளில் உண்மையான நாளை அம்மாக்கள் தனியாக எண்ணி வைத்திருந்தார்கள்.

ஃபெர்மீன் வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நிக்கோலாசா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“அப்போ எந்த நாள்?”

“என்னமோ ஒரு நாள். பேப்பர் கிடைச்சிடுச்சு, அது போதும்.”

அவள் கையைக் கழுவினாள். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பழைய நாள் எண்ணுபவர் இறந்துவிட்டார். அவருடைய மகள் பவுலா ஷிலோஹ்தான் இப்போது எண்ணுகிறாள். சந்தையில் நூல்கடையும் வைத்திருக்கிறாள். செவ்விதைகளைக் குவியல் குவியலாகப் பிரித்து, பன்னிரண்டு திஹாஷிலிருந்து இருபத்தொரு நாள் பின்னால் போனாள். நாலு நோஹ். ஃபெர்மீனைத் தெரியும் என்பதால் மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். நோஹ் என்றால் யோசனை நாள். அதில் பிறந்தவர்கள் நிறுத்தி நிதானித்துப் பேசுவார்கள். அவர்கள் வாயிலிருந்து யோசிக்காத வார்த்தை வராது.

“நாலு நோஹ்” என்றாள் நிக்கோலாசா, திரும்பி வந்து.

“நல்ல நாள்தானே?”

“நல்ல நாள்தான்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மாவு பிசைந்தாள், அடுப்பு மூட்டினாள், அவருக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள். இப்படி மூன்று நாள்.

முதல் நாள், நல்ல நாளில் பிறந்திருக்கிறோம் என்று ஃபெர்மீனுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாம் நாள் கடையில் ஒரு பெண்ணிடம், பேரம் பேசும் நேரத்தில் அவளே கோதுமை விதைத்திருக்கலாம் என்றார். அவள் எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்தாள். “இனிமே நீங்க யோசிச்சுத்தான் சொல்றீங்களாமே, தோன் ஃபெர்மீன். பவுலா சொன்னா.” தலைமையாசிரியர் கடையைத் தாண்டிப் போனார். வணக்கம் சொல்லவில்லை. கழிப்பறை திறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஊர் எப்படியோ போகட்டும். நிக்கோலாசாவின் மௌனம் எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அவர்களுடைய கடைசிப் பெண் ரொசெந்தா எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனாள். நிக்கோலாசா சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது குழந்தைக்கு நினைவு இல்லை. அடக்கம் செய்துவிட்டு வரும் வழியில், ஆற்றுப் பாலத்தருகே, கூட வந்த எல்லோர் முன்னாலும் ஃபெர்மீன் சொன்னார்: “நீ சந்தைக்குப் போகாம இருந்திருந்தா பிள்ளை இருந்திருக்கும்.” மாமியார் உடனே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, “கத்தி பேசுதுடி, அவன் இல்ல” என்றாள். நிக்கோலாசா அதை ஏற்றுக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் நூல்கடைக்குப் போனார்.

“நாலுங்குறது சின்ன எண்தானே, பவுலா? யோசனை கொஞ்சமாத்தானே இருக்கும்?”

“நாலு நல்ல நிதானமான எண், தோன் ஃபெர்மீன்.”

“கருவான நாள்னு ஒண்ணு பார்ப்பாங்களே. அதுல எதாவது கோளாறு இருக்கான்னு பாரு.”

பவுலா விரல்விட்டு எண்ணினாள். “தோஹ். செஞ்சதுக்குப் பதில் சொல்ற நாள். அதுக்குள்ள போகாதீங்க, உங்களுக்கு நல்லதில்ல.”

அவர் நூல்கண்டு ஒன்றை எடுத்து உருட்டினார். “சரி, இப்படிப் பாரு. முப்பத்தொரு வருஷம் கத்தி நாள்னு நம்பியே நடந்திருக்கேன். உங்கப்பா சொன்னாரு, நம்பினேன். அது என் தப்பா?”

“எங்கப்பா தப்புதான். ஆனா அவரு செத்துட்டாரு. அவரு உங்க அட்டையைப் பார்த்துச் சொன்னாரு. அட்டையில எழுதினவரும் செத்திருப்பாரு. அவருக்குப் பொய் சொன்னது உங்கப்பா. அவரும் போயிட்டாரு. நாள் எண்ணக் கூடாதுன்னு உங்கப்பாவுக்குச் சொன்ன பாதிரியார் எந்த நாட்டுல புதைஞ்சிருக்காரோ. இந்த வரிசையில உசுரோட இருக்குறது நீங்க ஒருத்தர்தான், தோன் ஃபெர்மீன். நூல் வாங்குறீங்களா?”

அவர் கண்டை வைத்துவிட்டு நடந்தார். வீடு வருவதற்குள் மூன்று பதில்களைத் தயார் செய்துகொண்டார். மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன.

நிக்கோலாசா நீளமான மரத்துடுப்பால் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததைப் பார்த்து துடுப்பைச் சுவரில் சாய்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரொசெந்தாவைப் புதைச்சுட்டு வரும்போது சொன்னீங்களே. அது கத்தியா, நீங்களா?”

தயார் செய்து வைத்திருந்த மூன்றில் எதுவும் அந்தக் கேள்விக்கு ஆகவில்லை.

“நான்தான்.”

“யோசிச்சா சொன்னீங்க?”

“கல்லறையில இருந்து பாலம் வரைக்கும் யோசிச்சேன்.”

“என்னத்தை?”

“அன்னைக்கு நீ சந்தைக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னே. பிள்ளை உடம்பு சுடுதுன்னு சொன்னே. ரொட்டி காஞ்சு போயிடும்னு நான்தான் அனுப்பினேன். அதை நீ சொல்றதுக்குள்ள நான் முந்திக்கணும்னு யோசிச்சேன்.”

அடுப்பில் விறகு வெடித்தது. நிக்கோலாசா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு.”

“தெரியும்.”

“நான் யார்கிட்டயும் சொல்லல.”

“தெரியும், நிக்கோ.”

“ஏன் சொல்லல தெரியுமா? கத்திகிட்ட போய் என்னத்தைச் சொல்றது? துடைச்சு வைப்போம். பிள்ளைங்க கைக்கு எட்டாம வைப்போம். இருபத்திரண்டு வருஷமா எனக்கு உங்க மேல கோவமே வந்ததில்ல. பொறுமைசாலின்னு ஊர்ல எனக்குப் பேரு. நான் எங்க பொறுத்தேன்? பொறுத்துக்க எதிர்ல ஒரு ஆளே இல்லையே. இப்பத்தான் இந்த வீட்டுல கோவப்படுறதுக்கு ஒரு மனுஷன் இருக்கான்.”

பிறகு அவள் கோபப்பட்டாள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு தோமாசா சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இது ஊர்ப் பெரியவர்களோ ஆஸ்பத்திரியோ தேவைப்படுகிற விஷயமில்லை என்று தெரிந்ததும் தலையை இழுத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். ரொட்டி கருகும் வாசனை வந்தது. ஃபெர்மீன் அடுப்புப் பக்கம் ஓரடி வைத்தார்.

“நில்லு” என்றாள் நிக்கோலாசா.

நின்றார். அறுபத்து நாலு ரொட்டி கரியானது. ஓரிடத்தில் அழுதார், அதற்காக அவள் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் குடித்தாள். காராமணியைச் சூடாக்கி, சோள உருண்டைகளை எடுத்து, இரண்டு தட்டுகளில் போட்டாள். ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாக எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னும் முடியல” என்றாள்.

“சரி.”

சாப்பிட்டார்கள். உப்பு குறைவாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. அவள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க விட்டேன்?”

“பிள்ளையைத் தூக்கிட்டு நீ டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினே. ஆள் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அது வரைக்கும்” என்றார் ஃபெர்மீன்.

“ஆங்” என்று அவள் அங்கிருந்து தொடங்கினாள்.