இரண்டு கதவுக் காரும் இறக்காமத்து வீதியும்

எனக்கு வாய் நீளம் என்று கல்முனைக்குடியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் வளவுக்குள் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டிய கதையும் இல்லை, அதன் பிறகு நடந்ததும் இல்லை.

வீடும் வளவும் என் வாப்பா எனக்கு எழுதித் தந்தவை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவரும் வந்தார். ஆனால் தங்கவில்லை. அடுத்த வருஷமே தோஹாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கராஜில் வேலை. பணக்கார வீட்டு இளைஞர்கள் ஏற்கனவே வேகமாக ஓடும் கார்களைக் கொண்டுவந்து, இன்னும் வேகமாக ஓட வையுங்கள் என்பார்களாம். அதுதான் அவருடைய தொழில். லீவில் வருவார், கட்டாரில் வாங்கிய சொக்லேட் முடிவதற்குள் போய்விடுவார். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, அவர் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு, “வாப்பா எப்ப போனுக்குள்ள போற?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அந்த லீவில் அவர் கொழும்பிலிருந்து ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். இரண்டே கதவு. தாழ்ந்த கூரை. பின்னால் ஒரு சீட் என்ற பேருக்கு ஒரு பொந்து. சிவப்பு நிறம் வெயிலில் வெளிறிப் போயிருந்தது. அடுத்த வளவில் இருக்கும் என் மூத்த அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, குடும்பத்தோடு ஏற முடியாத காரை வாங்கியவரை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றாள். எனக்கும் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் ராத்தா சொன்ன பிறகு நானும் அதையே சொல்ல முடியுமா? நல்ல கார்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

விற்பதற்குத்தான் என்றார். எஞ்சினுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் பூட்டி, நல்லாக்கி, கொழும்பில் கொடுத்துவிட்டுப் போவாராம்.

அது என்ன சாமான் என்று கேட்டேன். எஞ்சின் சுற்றும்போது அதிலிருந்து ஒரு பெல்ட் போய் அந்தச் சாமானையும் சுற்றுமாம். அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுமாம். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், இழுவை கூடும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அபாயா தைத்துக் கொடுப்பவள். முன் மண்டபத்தில் மூன்று மெசின் ஓடுகிறது. மோட்டார், பெல்ட், கப்பி எல்லாம் எனக்குப் புதிதில்லை.

“அங்க செய்யிற வேலைய இஞ்சயும் செய்யத் தெரியும்தானே மச்சான். மறுகா என்னத்துக்குப் போற?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இஞ்ச ஆருக்குப் புள்ள இது வேணும்? உழவு மெசினுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டவா?”

வேண்டியவர் ஒருவர் இருந்தார். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவரின் மகன். அவரிடமும் இதே மாதிரி இரண்டு கதவுக் கார் ஒன்று இருந்தது. அவருடைய மனைவி என்னிடம்தான் அபாயா தைக்கக் கொடுப்பவள். அவளிடம் நான் ஒரு வார்த்தை போட்டேன். ஒன்றல்ல, நிறைய வார்த்தை. அடுத்த கிழமை அவரே வந்து நின்றார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூட்டி முடித்ததும் ஓடிப் பார்க்கிறேன், நீங்கள் சொல்வது போல இழுத்தால் என் காரையும் தருகிறேன், அம்பாறையிலும் அக்கரைப்பற்றிலும் எனக்குத் தெரிந்தவர்களின் கார்களும் வரும் என்றார்.

அன்றைக்கே நான் என் கணவரிடம் முடிவாகச் சொன்னேன். இந்தக் கார் இழுத்தால் நீங்கள் போகக் கூடாது. வளவின் மூலையில் கராஜ் போட இடம் தருகிறேன். அவர் யோசித்துவிட்டு, ஓம் என்றார். இழுக்காவிட்டால் போவேன், அதன் பிறகு இந்தக் கதையை எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். டிக்கெட் ஏற்கனவே கையில் இருந்தது.

சூப்பர்சார்ஜர், கொழும்பில் பழைய கார் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்த பழைய சாமான். ஜப்பானில் உடைத்த காரிலிருந்து வந்தது. அதை எஞ்சினில் பிடித்து நிறுத்துவதற்கான இரும்புத் தாங்கியை, வள்ளத்து எஞ்சின்களுக்கு வேலை செய்யும் லேத்தில் கடைந்து எடுத்தார். எல்லாம் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் பெல்ட் கீச்சிட்டுக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி, ஓரம் பிய்ந்தது. இறுக்கினார், தளர்த்தினார், கழற்றிப் பூட்டினார். வெயில் ஏறியது, அவர் முகம் இறங்கியது. நான் ஒரு நூல் கட்டையைக் கொண்டுபோய், கீழ்க் கப்பியின் முகத்திலிருந்து மேல் கப்பிக்கு நூலை இழுத்துப் பிடித்தேன். மேல் கப்பி ஒரு சல்லிக்காசுக் கனம் வெளியே நின்றது. தையல் மெசினில் பெல்ட் கழன்றால் நான் செய்வதும் இதுதான். அவர் பார்த்துவிட்டு, “ம்” என்றார்.

“ம் எண்டா என்ன? வாயத் துறந்து சொல்லுங்க,” என்றேன்.

“கெட்டிக்காரிதான்,” என்றார். அது போதும். தாங்கியைக் கொஞ்சம் கடைந்து குறைத்ததும் பெல்ட் அடங்கி ஓடியது. சூப்பர்சார்ஜர் மெல்லிய குரலில் ஊளையிடத் தொடங்கியது. ராத்தா மதிலுக்கு மேலால், உன் கிரைண்டர் சிக்கிக்கொண்டதா என்று கேட்டாள்.

கடைசியாக மிஞ்சியது காற்று வடிகட்டியை எங்கே வைப்பது என்பது. எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். குளிர்ந்த காற்றில்தான் பலம் என்று சொல்லி, முன் பம்பருக்குள்ளே, கீழே, ரோட்டைப் பார்த்தபடி வைத்தார். தோஹாவில் இப்படித்தான் செய்வார்களாம். நானும் நல்ல யோசனை, எங்கள் கடற்காற்றைக் குடிக்கட்டும் என்று சொல்லிப் புகழ்ந்து வைத்தேன்.

ஓடிப் பார்க்கும் நாள் வந்தது. நானும் வருவேன் என்று நின்றேன். வெளி ஆம்பிளையோடு ஒரே காரில் போவதா என்று ராத்தா ஏசினாள். கணவர் பக்கத்தில்தானே இருக்கிறார், அதோடு அந்தப் பொந்துக்குள் நான் இருப்பது ஆர் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று சொல்லிவிட்டு, அபாயாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே புகுந்தேன். முழங்கால் நாடியில் இடித்தது. ஆலைக்காரரின் மகன் முன்னால் இருந்தார்.

சம்மாந்துறை தாண்டி வயல்வெளி திறந்ததும் என் கணவர் ஒருமுறை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு காலை அமுக்கினார். அல்லாஹ்வே, அந்த இழுவையை நான் எப்படிச் சொல்வது! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஊளை ஏறிக்கொண்டே போனது. வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. ஆலைக்காரரின் மகன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கு அப்போதே கராஜின் கூரைத் தகரம் கண்ணில் தெரிந்தது.

இறக்காமம் வரை போனோம். அறுவடைக் காலம். வீதியின் பாதியில் நெல்லைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். சில இடங்களில் படங்கு விரித்து, மற்ற இடங்களில் வெறும் தாரிலேயே. வெட்டு மெசின் ஒன்று வயலுக்குள் தூளைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் நெல் தூற்றினார்கள். என் கணவர் ஒரு மணி நெல்லும் சில்லில் படாமல், ஊர்ந்து ஊர்ந்து, எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டு போனார். வரிப்பத்தான்சேனைச் சந்தியில் காரைத் திருப்பி, அதே நெல்லுக்கு நடுவால் அதே மாதிரி ஊர்ந்து வந்தார்.

திறந்த வீதிக்கு வந்ததும் ஆலைக்காரரின் மகன் தான் ஓட்டுவதாகச் சொன்னார். இருவரும் இடம் மாறினார்கள். அவர் அமுக்கினார். கார் முக்கியது. ஊளை மட்டும் வந்தது, இழுவை வரவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். நெல்மூட்டை ஏற்றிய மூன்று சில்லு ஆட்டோ ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அண்ணனைக் கூப்பிடுவது போலக் காக்கா போட்டு, மரியாதையாகத்தான் கதைத்தார். பரவாயில்லை காக்கா, இன்ஷா அல்லாஹ் அடுத்த லீவில் வரும்போது பாப்பம் என்றார். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் என்ன கருத்து என்று எல்லாருக்கும் தெரியும். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெல்ட் நழுவுகிறதாக்கும், பழைய சாமான்தானே என்று தனக்குத்தானே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பெல்ட்டைச் சரி பார்த்தது நான். அது நழுவாது.

என் கணவரை இறங்கச் சொல்லி, முன் சீட்டை மடக்கிவிட்டு நானும் இறங்கினேன். காரின் முன்னால் போய்க் குந்தினேன். பம்பரின் ஓட்டை விளிம்பில் பதர் ஒட்டியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் தலையணை மாதிரி ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. அவரைக் கூப்பிட்டேன். அவர் கீழே படுத்து அதைக் கழற்றி வெளியே எடுத்தார். பதரும் வைக்கோல் தூளும் உமியும் சேர்ந்து வடிகட்டியை முழுசாக மூடியிருந்தன. ரோட்டில் காயும் நெல்லுக்கு நடுவால் நாங்கள் ஊர்ந்த நேரமெல்லாம் அது கீழேயிருந்து தூசை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் மூன்று பேரும். ஒருவர் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை வேறு. ஒருவருக்கும் மூளையில் படவில்லை. தோஹாவில் ஆர் ரோட்டில் நெல் காயப் போடுகிறார்கள்?

சில்லில் தட்டி, ஊதி, என் கைக்குட்டையால் துடைத்துத் திரும்பப் பூட்டினோம். ஆலைக்காரரின் மகன் மறுபடி அமுக்கினார். கார் பாய்ந்தது. சம்மாந்துறை வரைக்கும் அவர் காலை எடுக்கவே இல்லை.

எங்கள் படலையில் இறங்கும்போது அவர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ட காரத் தாறன் காக்கா. வடிகட்டிய மட்டும் மேல வைங்க. ஆனா ஒண்டு கேக்கன். நீங்க இஞ்ச நிக்கிறதா, போறதா? பூட்டித் தந்துபோட்டு நீங்க போனா, மறுகா பழுதானா நான் ஆரிட்ட போற? கூட்டாளிமார்ர கார்களையும் எப்படிக் கொண்டு வார?”

என் கணவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எனக்கு விளங்கவில்லை. கார் இழுத்துவிட்டதே! இன்னும் என்ன நாளைக்கு?

அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தார். நான் முன்னால் நின்று கேட்டேன். கையில் இருப்பது ஒரு கார்தான் என்றார். மற்றவர்கள் வருவார்கள் என்பது வெறும் பேச்சுத்தான், தான் நிற்பதாகச் சொன்னால்தான் அவர்கள் வருவார்கள், அவர்கள் வருவார்கள் என்று தெரிந்தால்தான் தன்னால் நிற்கலாம் என்றார். இத்தனை வருஷம் பெரிய பெரிய எஞ்சின்களைப் பிரித்துப் போட்ட மனிசன், இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு முழித்தார்.

“நிண்டு தோத்தா என்ன செய்யிற புள்ள?” என்றார்.

நான் அதட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக, குரல் அடங்கித்தான் வந்தது.

“தோத்தா இஞ்ச தோப்பம் மச்சான். சோறு என்ட தையலுக்குள்ள இரிக்கி. நீங்க அங்க வெண்டதெல்லாம் போதும். எனக்கு நீங்க வேணும்.”

கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் அப்படி நான் சொன்னதே இல்லை. அவர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு போனை எடுத்தார். தோஹா முதலாளியோடு அரபியில் கதைத்தார். முதலாளி என்னவோ கேட்டார், இவர் என்னவோ சொன்னார், முதலாளி திரும்பவும் கேட்டார். எனக்கு விளங்கிய ஒரே சொல், கடைசியாக இவர் சொன்ன ‘ஹலாஸ்’. முடிந்துவிட்டது என்று கருத்து.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பயமா என்று கேட்டேன். ஓம் என்றார். எனக்கும் பயம்தான். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று எண்ணாமல் நான் அவரோடு இருந்து குடித்த முதல் தேத்தண்ணி அதுதான்.