வெயில் தேடிப் போன பாசி

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் நாங்கள் கைக்குழந்தையோடு தென்காசியில் குடியிருந்தோம். யுத்த காலம். என் கணவர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். அதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அவருக்குப் பாசிப் பைத்தியம். வயலிலும் பாறையிலும் நீலப்பச்சையாகப் படர்கிற பாசி, வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எப்படி வளர்கிறது, தண்ணீரிலிருந்து எந்த உப்பை உறிஞ்சுகிறது என்று ஆராய்ந்து மதராஸில் ஒரு பேராசிரியருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

சீசனில் ஊரே குற்றாலத்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போகும். இவர் மட்டும் குளிக்கிறவர்களின் காலடியில் குந்தி, பாறையைக் கரண்டியால் சுரண்டுவார். அதுவும் என் தோசைக் கரண்டி.

வீட்டில் வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஒன்றுதான். சாரல் தொடங்கிவிட்டால் பிள்ளைத் துணி எங்கே போட்டாலும் காயாது. அந்த ஜன்னல் முழுக்கப் பாசிக் குப்பிகள்.

“ஏங்க, துணி காயப்போட எடமில்ல. இதையெல்லாம் எடுங்க.”

“ஐயோ, தொடாத. வெளிச்சம் இல்லாட்டா அது சாப்பிடாது.”

“அப்ப நம்ம பிள்ளைக்கு ஈரத்துணியக் கட்டட்டுமா?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “துணி அடுப்புச் சூட்டுலயும் காயும். பாசிக்கு வெளிச்சம்தான் வேணும்” என்றார். துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். பிள்ளையின் மேலெல்லாம் புகை நாற்றம்.

அப்போது அவர் செய்த சோதனை இதுதான். எல்லாக் குப்பியிலும் கொஞ்சம் வெடியுப்பு போடுவது. பாதிக் குப்பிகள் வெளிச்சத்தில், பாதி இருட்டில். சில நாள் கழித்துத் தண்ணீரை வற்றக் காய்ச்சித் திராவகம் விட்டால், பாசி தின்னாமல் விட்ட உப்பு மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சுவது என் அடுப்பில். உலை அதுவரை காத்திருக்கும்.

ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பி, ஆணியில் தொங்கிய குடையை எடுத்தால் கையில் வந்தது வெறும் கம்பி. அதன் கறுப்புத் துணி இருட்டுக் குப்பிகளைச் சுற்றி நூல் போட்டு அழகாகக் கட்டியிருந்தது.

“குடை எங்க?”

“துணிய மட்டுந்தான் எடுத்தேன். கம்பி அப்படியே இருக்குல்லா?”

வேறு குடைக்கு அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கே போவது? சாக்கைத் தலையில் கவிழ்த்துப் பிள்ளையை அதற்குள் அணைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தேன். இவ்வளவு பாடுபட்டும் சோதனை விளங்கவில்லை. எல்லாக் குப்பித் தண்ணீரும் ஒரே மஞ்சள். வெளிச்சத்துப் பாசியும் உப்பைத் தொடவில்லை. உப்பு சரியில்லையோ, குப்பி சரியில்லையோ என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“வாசல்ல எட்டிப் பாருங்க. வெயிலு எங்க இருக்கு? நீங்க வெளிச்சத்துல வச்சதும் இருட்டுலதான் கெடக்கு. தூக்கி வெளிய கொட்டுங்க!”

அவர் கடைசி வார்த்தையைக் கேட்கவே இல்லை. “நீ சொல்லுதது சரிதான். உங்க அண்ணன் வீட்டு மச்சில வெயில் அடிக்கும்லா?”

என் பிறந்த வீடு கீழப்பாவூரில். குற்றாலத்துச் சாரல் அங்கே வெறும் காற்றாகத்தான் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் குப்பிகள் சௌகரியமாக உட்கார்ந்தன. மிச்ச இடத்தில் நானும் பிள்ளையும் ஒடுங்கிக்கொண்டோம்.

அண்ணன் வண்டியைப் பார்த்துத் திகைத்துப் போனார். “மாப்ளே, வயல்ல கெடக்க பாசிய வழிச்சுப் போட நான் ஆளு விடுதேன். நீங்க வண்டி வச்சுக் கொண்டாருதீகளே!”

குப்பிகள் சூடேறாமல் இருக்க அவற்றைத் திறந்த மச்சில் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கிறதென்று அவர் ஊருக்குப் போய்விட்டார். காவல் என் தலையில் விழுந்தது. தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். காக்கை கொத்தி இழுத்த கறுப்புத் துணியைத் திரும்பக் கட்ட வேண்டும். பிள்ளை அழுதாலும் மச்சுக்கு ஓட வேண்டும். பாசியைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

சனிக்கிழமை வந்தவர் அண்ணியின் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் இரண்டு கிண்ணங்களோடு மச்சுக்கு ஓடிவந்தார். கறுப்புத் துணி போட்ட குப்பித் தண்ணீர் நல்ல மஞ்சள். வெயிலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அந்த உப்பு முழுவதையும் பாசி தின்றிருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“வெயில்ல இருந்தாத்தான் நல்லாச் சாப்பிடும். அவ்வளவுதான? இத நீங்க மொதல்லயே சொன்னீங்களே!” என்றேன்.

“சொன்னேன். இப்பத்தான தெரியும்.”

சரி, முடிந்தது என்று துணிமணிகளைக் கட்டத் தொடங்கினேன். அவர் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இன்னொரு தடவ செஞ்சு பாக்கணும். ஒரு தடவ வந்தத வச்சு எழுத முடியாது.”

கேட்டுக்கொண்டு நின்ற அண்ணன் மச்சுப் படியிறங்கிப் போனார். நான் மூட்டையை அவிழ்த்தேன்.

சாரல் ஓயும்வரை அங்கேயே இருந்தேன். இரண்டாம் தடவையும் அப்படியேதான் வந்தது. தென்காசிக்குத் திரும்பிய சில நாளில் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. முடிவு மிக நன்றாக இருக்கிறதாம். வேறொரு பாசியிலும் செய்து பார்க்க வேண்டுமாம். படித்துவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தோசைக் கரண்டியோடு வெளியே கிளம்பினார். நான் ஜன்னலில் காயப்போட்டிருந்த பிள்ளைத் துணிகளை எடுத்து ஒதுக்கினேன்.