நூற்றைம்பத்து மூன்றுக்குத் தப்பிய எண்

கரும்பலகையில் 12 என்று எழுதியிருந்தது. பள்ளி விட்டாயிற்று, மறந்துவிட்ட குடையை எடுக்க நான் திரும்பி வந்தேன். சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியும் கையுமாக நின்றிருந்தார். ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள்.

“அண்ணாச்சி, மூணால வகுபடுத நம்பர் எதையும் எடுத்துக்கிடுங்க. ஒவ்வொரு இலக்கத்தையும் கனமாக்கிக் கூட்டுங்க. வந்ததையும் அப்படியே செய்யுங்க. எங்க போய் நிக்குதுன்னு பாருங்க” என்றார்.

ஒன்றின் கனம் ஒன்று, இரண்டின் கனம் எட்டு, ஆக ஒன்பது. ஒன்பதின் கனம் 729. அது 1080 ஆகி, பிறகு 513 ஆகி, 153 ஆயிற்று. 153-ஐ மறுபடி செய்தால் அதே 153. அதற்கு மேல் அசையவில்லை. அவர்கள் கோயிலில் சொல்லும் கதையில் வலையில் விழுந்த மீன்கள் நூற்றைம்பத்து மூன்றாம். அத்தனை விழுந்தும் வலை கிழியவில்லையாம். சிறுவயதில் கேட்ட எண்ணைச் சும்மா போட்டுப் பார்க்கப் போய் இது அகப்பட்டதாம்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் பி.ஏ. கணிதம், பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியார். சென்னையிலிருந்து வரும் கணிதப் பத்திரிகைக்கு இரண்டு தடவை எழுதி, இரண்டும் திரும்பி வந்திருந்தன. இவரோ அதே பத்திரிகைக்கு இதை அனுப்பலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார். “பைய அனுப்பலாம் வே. நான் ஒரு தடவை பாத்துச் சொல்லுதேன்” என்றேன்.

கோடை விடுமுறை முழுவதும் வண்ணார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து அதை உடைக்கப் பார்த்தேன். எவ்வளவு பெரிய எண்ணானாலும் சுருங்கிச் சுருங்கி 2916-க்குள் வந்துவிடுகிறது. அதற்குள் இருக்கிற மூன்றின் மடங்குகளைச் சோதித்தால் போதும். லட்சத்தையும் கோடியையும் தனியே பார்க்க வேண்டாம். ஒன்றுவிடாமல் சோதித்தேன். எல்லாம் 153-க்கே வந்தன. என் ஆயுளில் நான் கண்ட ஒரே நல்ல நிரூபணம் அது, அதுவும் இன்னொருவன் கண்டுபிடிப்புக்கு.

பள்ளி திறந்த அன்று அவரிடம் சொன்னேன்: “ஒரு நம்பர் மட்டும் 153-க்கு வராம தப்புது வே. எதுன்னு நீரே கண்டுபிடியும். அதுவரைக்கும் அனுப்பாதேயும், சிரிப்பாங்க.”

நம்பிவிட்டார். பி.ஏ. பொய் சொல்லுமா? அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரை தேடினார். ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, “தப்பு என்கிட்டதான் இருக்கும் அண்ணாச்சி. எங்கயோ கூட்டல்ல விட்டிருக்கேன்” என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். 2916 என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பத்திரிகையில் அவர் பெயர் அச்சாகியிருப்பது போலக் கண்ணில் தெரிந்தது, விழுங்கிவிட்டேன்.

போன மாதம் அவர் மகன் வந்தான். தூத்துக்குடியில் தோணி வேலை பார்க்கிறவன். தகப்பனார் இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டதாம். “அந்த நம்பரை உங்கட்ட கேட்டு, கல்லறையில வந்து சொல்லணும்னு சொல்லிட்டுப் போனாவ” என்றான்.

செத்தவர் மேலும் பொறாமை இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். மறந்துவிட்டது என்றேன்.

அவன், “பரவால்ல ஐயா. அப்பா விட்ட எடத்துலேருந்து நான் பாக்குதேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தான்.