ஊசி போடாத எட்டு நாட்கள்

அம்மா கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட வீட்டில் பிறந்தார்கள். திருமணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட, கிரிவலப் பாதையில் இட்லிக்கடை நடத்தி என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். பௌர்ணமி நாட்களில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி, ஐந்து வாரம்; அதற்காகவே வாக்கர் பிடித்து நடை; படுத்திருக்கும்போது மணிக்கொரு முறை பாதங்களை மேலும் கீழும் அசைக்க வேண்டும். டாக்டர் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்த சொந்தங்களான நீங்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். ஆப்பிள் வாங்கி வந்தீர்கள். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு, அம்மாவின் நோயைத் தவிர எல்லாவற்றையும் பேசினீர்கள். அம்மா பாதத்தை அசைத்தபோது பெரிய மாமாவுக்கு முகம் சுருங்கியது.

"இன்னாமா இது, பெரியவங்க உக்காந்துனு இருக்கோம், மூஞ்சிக்கு நேரா காலாட்டிக்கினு! வீட்டுக்கு ஆவுமா?"

அம்மா போர்வையை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டார்கள். "நீ கெளம்புண்ணா, அப்புறம் ஆட்டிக்கிறேன்" என்று சிரித்தார்கள். மாமா கிளம்பவில்லை. நான்கு நாள் தங்கினார்.

ஊசி போட வந்த செவிலியரையும் அவர் விடவில்லை. அம்மாவின் வயிற்றில் ஊசி குத்திய இடங்கள் கன்றிப்போயிருந்தன.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற ஊசியாமே? ஆபரேஷன் பண்ண ஒடம்புல ரத்தமே கம்மி. நிறுத்தச் சொல்லு பாப்பா."

"கன்னிப்போறது சகஜங்க. டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்கக்கா" என்றார் செவிலியர் என்னிடம்.

மாமா வாழ்நாள் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவர். மருத்துவம் எங்கே படித்தார் என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை. தலையாட்டினீர்கள். எலும்பு கூடும்வரை நடக்கவே கூடாது என்று சேர்த்தும் சொன்னீர்கள். நான் அன்றே செவிலியரைத் திருப்பி அனுப்பினேன்.

பத்தொன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. போனில் மாமா, "படுத்தே கெடக்கறா இல்ல, நீர் எறங்கியிருக்கும்" என்றார். இருபதாம் நாள் காலை அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வேங்கிக்காலைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன்.

"நிச்சயம்னு சொல்ல மாட்டேம்மா. வாய்ப்பு ஜாஸ்தி."

காரியத்தன்று "விதி" என்றீர்கள். சாப்பாட்டில் உப்பு கம்மி என்றும் சொன்னீர்கள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களை மட்டும் இகழ்ந்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த எட்டு நாட்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் "ஊசி இல்லை" என்று சிவப்பு மையில், கோணாமல் எழுதியிருக்கிறேன். எழுதிய கை ஒரு நாள்கூட டாக்டருக்குப் போன் செய்யவில்லை. மாமாவிடம் எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்றிருந்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்: திருப்பி அனுப்பிய மறுநாளும் வாசல்வரை வந்து, "இன்னிக்காவது போட்டுடலாமாக்கா?" என்று கேட்ட அந்தச் செவிலியர்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எவரையாவது பார்க்கப் போனால் ஆப்பிளை வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். அவர்கள் காலாட்ட வேண்டியிருக்கும்.