பாக்கியத்துக்கு ஒரு முட்டை

சத்துணவு வகுப்பு நடத்திப் பிழைத்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா, நம்மிடம் சமையல் கற்க வருகிறவர்கள் எல்லோரும் நம்மைவிட நன்றாகச் சமைப்பார்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில், மலாக்கா காஜா பெராங்கில் ஒரு மண்டபத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். கல்யாணமே ஆகாதவள், பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச நாக்கு மட்டும் நீளம்.

கீரை வெந்த தண்ணீர்

கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் என்று முதல் நாளே முழங்கினேன். மறுவாரம் அன்னம்மா அக்கா ஒரு போத்தல் நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "வீட்ல ஒருத்தரும் குடிக்க மாட்டேங்கறாங்க டீச்சர். வீணாக்கக் கூடாதுன்னீங்களே, நீங்களே குடிச்சிருங்க."

முந்தானையில் முட்டை

என்னைக் கவலைப்பட வைத்தவள் பாக்கியம். கைக்குழந்தைக்காரி. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். பால் போதாமல் குழந்தை ஓயாமல் அழும். பாலூட்டுகிறவள் தினம் ஒரு முட்டையாவது தின்ன வேண்டும் என்று ஒன்றை அவித்து அவள் கையிலேயே கொடுத்தேன். வகுப்பு முடிந்து பார்த்தால், அதை முந்தானையில் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறாள். லோரி ஓட்டும் புருஷன் முனுசாமிக்காம்! மெர்டேக்கா வந்தும் இப்படியா என்று அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"நாட்டுக்குத்தானே டீச்சர் வந்துச்சு, எங்க வீட்டு அடுப்பங்கரைக்கு இன்னும் வரலியே."

ஆண்கள் வகுப்பு

கோபம் தலைக்கேறி, ஞாயிற்றுக்கிழமை புருஷன்மார்களுக்கு வகுப்பு என்று அறிவித்தேன். சாப்பாடு உண்டு என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் வந்தார்கள். முனுசாமி அண்ணன் வெங்காயம் நறுக்கி மூக்கால் அழுதார். இன்னொருவர் தோலை உரிக்காமலே முட்டையைக் குழம்பில் போட்டார். மனைவிமார் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் வயிறு வலித்தது. ஒருவழியாகக் குழம்பு இறங்கியதும் ஆண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"எந்திரிங்க எல்லாரும். சமைச்சவங்க பரிமாறிட்டுக் கடைசியிலதானே சாப்பிடணும்? நம்ம வழக்கத்த மாத்தலாமா?"

பானையின் அடியில்

ஆண்கள் எழுந்தார்கள், பெண்கள் உட்கார்ந்தார்கள். முனுசாமி அண்ணனே முட்டை வைத்தார். பாக்கியம் அதைத் தின்றுவிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றாள். எனக்கு அங்கேயே குதித்து ஆட வேண்டும்போல் சந்தோஷம். பெண்கள் கை கழுவப் போனதும் முனுசாமி அண்ணன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் குழம்புதான் கிடந்தது. கரண்டியால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"டீச்சர், இவ தினமும் இதத்தான் சாப்பிடுறாளா?"

அந்த வழக்கம் தப்பென்று தொண்டை கிழியக் கத்தியதற்குப் பதில் கரண்டியை ஆள் மாற்றிக் கொடுத்திருந்தால், முதல் வாரமே வகுப்பை முடித்துக்கொண்டு நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.