பழந்துணித் திருவிழாவும் சிவப்பு அம்புகளும்

கல்லூரியில் நான் கடைசி வருஷம் படித்தபோது, மாணவர்கள் நாங்களே சேர்ந்து ஒரு திருவிழா நடத்தினோம். வீட்டில் சும்மா கிடக்கும் துணியை ஒருவர் கொண்டுவந்து கொடுப்பது, வேண்டியவர் அதை இலவசமாக எடுத்துப்போவது, சாயங்காலம் அதே துணிகளைப் போட்டுக்கொண்டு மேடையில் ஒரு நடை. நோட்டீஸில் ‘நீடித்த நாகரிகம்’ என்று பகட்டாகத்தான் போட்டிருந்தோம். ஊரில் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை. பழந்துணித் திருவிழா என்றுதான் சொன்னார்கள். சரி, போய்த் தொலையட்டும், ஆள் வந்தால் போதும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எனக்கு அந்தத் திருவிழாவில் ஒரு சொந்தக் காரியம் இருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் கிழிசல் தைக்கும் கடை வைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அப்பா, பெரிய கம்பெனிகளிடம் வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் நான் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்பது அவர் எண்ணம்.

“ஊரே புதுத்துணி தெச்சு அனுப்பீட்டு இருக்குது. நீ பழசத் தெக்கறேங்கற. எவன் வருவான் கண்ணு?” என்றார். நான் விடவில்லை. கடைசியில், “செரி, உங்க திருவிழாவுல அத்தனை துணியும் போயிருச்சுன்னா ரூம எடுத்துக்க. மிஞ்சுச்சுன்னா பேசாம கம்பெனிக்கு வந்துரோணும்” என்றார். எனக்கிருந்த திமிரில் “அப்பிடியே வெச்சுக்கங்கப்பா” என்று சொல்லிவிட்டேன்.

மைதானத்தில் வரிசையாகக் கம்பி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டோம். மேடை நடை முடியும்வரை துணி அங்கேயே இருக்க வேண்டும். அதனால், பிடித்த துணியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போர்டு எழுதி வைத்தோம். ஸ்டிக்கர் வாங்கப் போனவள் என் தோழி. பனியன் கம்பெனிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ரோல் ரோலாக வாங்கிவந்தாள். அழகாக இருக்கிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், கம்பெனிக்காரர் மகள், அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அவிநாசி, நெருப்பெரிச்சல் பக்கமிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் கம்பி முழுக்க ஒரே சிவப்பு. அம்பு இல்லாத துணியைத் தேட வேண்டியிருந்தது. சில சட்டைகளில் நாலைந்து அம்பு. ஒரே சட்டைக்கு இத்தனை போட்டியா என்று நாங்கள் குதிக்காத குறை. உடனே அப்பாவுக்கு போன் போட்டு, “ரூமைக் காலி பண்ணி வைங்கப்பா!” என்றேன்.

அப்பா ரூமைக் காலி பண்ணவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். முதல் கம்பியில் தொங்கிய சட்டையைப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, அம்பு காட்டிய இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இது பூராம் ரிஜெக்ட் பண்ணியில்ல வெச்சிருக்காங்க? தையல் உட்டது, ஓட்டை, கறை...”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் துணியில் எங்கே பழுது இருக்கிறதோ, அங்கேதான் இந்தச் சிவப்பு அம்பை ஒட்டுவார்கள். வருஷம் முழுக்க அதே வேலை செய்கிறவர்கள் கையில் அந்த ரோலைக் கொடுத்தால் போர்டை யார் படிப்பார்கள்? லீவு நாளில் குடும்பத்தோடு வந்து எங்களுக்குச் செக்கிங் பண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் சும்மாவா? பேசிக்கொண்டே ரோலிலிருந்து ஒன்றைக் கிழித்து, மற்றவர்கள் விட்டுவிட்ட ஒரு காலரில் ஒட்டினார்.

“அப்பா!” என்று கத்தினேன்.

“இல்ல கண்ணு, லேசா கோணியிருக்குது” என்றார்.

பக்கத்தில் ஒரு பூப்போட்ட சுடிதாரைப் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா நின்றிருந்தார். தெற்கிலிருந்து வந்து, இங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கோபத்தை அவரிடம் காட்டினேன்.

“ஏனுங்கக்கா, புடிச்சிருந்தா ஒட்டச் சொன்னா, நீங்க ஓட்டையில கொண்டுபோயி ஒட்டியிருக்கறீங்களே?”

“ஓட்டையப் பாத்தா ஒட்டாம என்னம்மா செய்ய? கை தானா போவுது. துணி நல்லாத்தான் இருக்கு. அல்ட்ரேஷன் டேபிள் எங்க இருக்கு? தச்சுக் குடுத்தா நான் கொண்டு போயிருவேன்.”

கம்பெனியில் அம்பு ஒட்டிய துணி அடுத்துப் போவது அல்ட்ரேஷனுக்கு, அதாவது பழுது தைக்கும் மேஜைக்கு. அங்கே சரியாகி வராமல் அதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். இங்கேயும் அதே பழக்கத்தில்தான் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! மேடைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிஷினை, மாலையெல்லாம் போட்டு அலங்காரத்துக்கு வைத்திருந்தோம். வந்த ஆத்திரத்தில் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். “கொண்டாங்க!” என்றேன்.

அவ்வளவுதான். திருவிழாவே மிஷின் முன்னால் வந்து நின்றது. நான் தைக்க, அந்த அக்கா ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து “பாஸ்” என்பார். உடனே வாங்கிக்கொள்ள நாலு கை நீளும். சிலதைப் பிடிக்கவில்லை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைத்தேன். மேடை நடைக்கு அம்பு ஒட்டிய மிச்சத் துணிதான் கிடைத்தது. மாணவிகள் ஒய்யாரமாக நடந்து வந்தால், கீழே இருந்தவர்கள் கைதட்டாமல் “கைப்பக்கம் பாரு, கைப்பக்கம்!” என்று ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருட்டுகிற நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக் கம்பி இன்னும் சிவப்பாகவே இருந்தது. அப்பா சொன்ன சொல்லை மறக்கிற ஆள் இல்லை. முதுகு வலி ஒரு பக்கம், தோற்றுப்போன எரிச்சல் ஒரு பக்கம்.

அக்கா தன் சுடிதாரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு எங்கம்மா இருப்ப? எங்க வீட்ல இந்த மாதிரி ஒரு மூட்டை கெடக்கு” என்று கேட்டார். வரிசையில் நின்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். என்ன சொல்வது? அப்பா கம்பெனியில் உட்கார்ந்திருப்பேன் என்றா?

அப்பா குறுக்கே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“நம்ம ஊட்டுக்கே வந்துருங்க. முன்னால ரூம்லதானுங்க கடை” என்று அவர்களுக்கு வழி சொன்னார். “ஆனா பத்து மணிக்கு மேல வாங்க. புள்ள நேரமே எந்திரிக்க மாட்டாளுங்க.”

அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாரே என்று முறைக்கத்தான் திரும்பினேன். கண்ணீரில் அவர் முகமே தெரியவில்லை.