கொன்ரினியூற்றி

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். கொழும்புத்துறையில் மீன்பிடி. ஒரு படத்தில் நடித்திருக்கிறேன். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. தாடி தேவைப்பட்டது. அது என்னிடம் இருந்தது.

படம் எடுக்க வந்தவள் ஒரு இளம் பிள்ளை. கரையில் என்னைக் கண்டு, "ஐயா, உங்கடை முகம் எனக்கு வேணும்" என்றாள்.

"எதுக்குப் பிள்ளை?"

குறும்படமாம். ஒரு கிழவன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறான், திரும்பி வருகிறான். போவதை ஒரு நாளும் வருவதை இன்னொரு நாளும் எடுப்பார்களாம். அவளுக்கு அது முதல் படம். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டு திரிந்தாளாம்.

ஒரு கிழவன் போய் வருவதற்கு எழுத என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சம்மதித்தேன்.

முதல் நாள் சொற்களால்தான் கரைச்சல். "அக்சன்" என்றாள். சண்டைக்கு மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். "பிறேமை விட்டு வெளியிலை போகாதேங்கோ ஐயா" என்றாள். எங்கள் வீட்டில் பிறேமுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் செத்தவர்கள். அதைச் சொன்னேன். கமரா பிடித்த நெல்லியடிக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது.

வள்ளத்தில் ஏறி, கோல் ஊன்றிக் கொஞ்சத் தூரம் போனேன். அவள் கரையில் நின்று "கட்" என்று கத்தினாள். காற்றில் எனக்குக் "கட்டு" என்று கேட்டது. பக்கத்தில் வலை கட்டும் தறிக்கம்பு ஒன்று நின்றது. வள்ளத்தை அதில் கட்டினேன். அவிழ்த்து வரச் சொன்னார்கள். வந்தேன். திரும்பவும் போனேன். திரும்பவும் "கட்" என்றாள். திரும்பவும் கட்டினேன்.

மூன்றாம் தரம் கட்டியபோது கரையிலிருந்து என் அண்ணன் கத்தினார். "டேய், அந்தப் பிள்ளை நிப்பாட்டச் சொல்லுது! நீ என்ன மாடே கட்டுறாய்?"

அண்ணன் அடுத்த வளவு. கலியாணம் கட்டவில்லை. பகல் முழுவதும் கரையில் நின்று என்னைப் பகிடி பண்ணினார்.

முடிந்து போகும்போது அவள், "ஐயா, போட்டிருக்கிற இந்தச் சேட்டைத் தோய்க்காதேங்கோ. தாடியிலை கை வையாதேங்கோ. கொன்ரினியூற்றி" என்றாள்.

"அதென்ன?"

"ஏறின ஆள்தான் இறங்கிறார் எண்டு பாக்கிறவை நம்ப வேணும். எல்லாம் அப்பிடியே இருக்க வேணும்."

"குளிக்கவும் கூடாதோ?" என்றார் அண்ணன். "அவன் முந்தியே குளிக்கிறேல்லை, பிள்ளை."

மிச்சத்தைச் சனிக்கிழமை எடுப்பதாக இருந்தது. வியாழன் விடிய அண்ணன் நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓட்டோவுக்குள், என் மடியில் முடிந்துவிட்டார்.

பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளி. கொள்ளி வைக்கிறவன் முகம் வழிக்க வேண்டும்.

அவள் செத்தவீட்டுக்கு வந்தாள். நெல்லியடிக்காரனும் வந்தான். அவள் கதிரையில் இருந்து என் தாடியைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். நெல்லியடிக்காரன் என் காதுக்குள், "ஐயா, வேறை ஆரும் கொள்ளி வைக்கேலாதோ?" என்றான்.

"வாயை மூடடா" என்றாள் அவள்.

வைக்கலாம். அக்காவின் மகன் பந்தலுக்குள் நின்றான். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். செத்த அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு தாடியைப் பற்றி யோசித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. யோசித்தது உண்மை.

"பிள்ளை, நான் வழிக்கப் போறன்" என்றேன்.

"ஓம் ஐயா. வழியுங்கோ."

அழுதாள். அண்ணனுக்கோ படத்துக்கோ தெரியாது. நான் கேட்கவில்லை.

வழித்தார்கள். கொள்ளி வைத்தேன்.

தாடி அந்த அளவுக்கு வளர ஒரு வருடம் வேண்டும். அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. கமரா நெல்லியடிக்காரனுடையது. அவன் வெளிநாடு போகக் காத்திருந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை ஒரு பொய்த்தாடியோடு வந்தார்கள். பசை போட்டு ஒட்டினார்கள். கடற்காற்றுக்கு ஒரு பக்கம் கிளம்பியது. அமத்தினார்கள். மற்றப் பக்கம் கிளம்பியது.

அவள் கமராவுக்குள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டுங்கோ ஐயா" என்றாள்.

"பாக்கிறவை நம்பாயினம், பிள்ளை."

"பரவாயில்லை. கழட்டிப்போட்டு வாங்கோ."

வெறும் முகத்தோடு வந்து இறங்கினேன். ஒரே தரத்தில் எடுத்து முடித்தாள்.

படத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். நானும் மனைவியும் போனோம். கிழவன் தாடியோடு ஏறினான். தாடியில்லாமல் இறங்கினான். நடுவில் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. சனம் கை தட்டியது. பிறகு கேள்வி கேட்கலாம் என்றார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் எழும்பினார்.

"ஏறேக்கை தாடி. இறங்கேக்கை இல்லை. கடலிலை சலூன் ஏதும் திறந்திருக்கினமோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள்.

நான் எழும்பினேன்.

"இடையிலை என்ரை அண்ணை செத்துப்போனார்" என்றேன்.

கேட்டவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். அடுத்த கேள்வி இசையைப் பற்றியது.